பொட்டு வைத்த சிங்கிளைத் தேடி: செவன் கிங்ஸிலிருந்து சவுத்தால் வரை

லண்டனில் பழைய இசைத்தட்டு தேடுகிறவர்களுக்கு ஒரு வழி எழுதித் தாருங்கள் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த வழி 1993 ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமையின் வழி. அன்று நான் ஏறி இறங்கிய கடைகளில் பாதி இன்று கோப்பிக் கடைகள். ரயில் பாதை அப்படியே இருக்கிறது, தட்டு விற்கிறவர்களின் குணமும் அப்படியே இருக்கிறது. அதனால் படித்துவிட்டுப் போங்கள், வீண்போகாது.

நான் தேடப் போனது ஒரே ஒரு தட்டை. ஏழு அங்குலம், பக்கத்துக்கு ஒரு பாட்டு, சிங்கிள் என்பார்கள். அறுபதுகளில் லண்டன் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து பாடியது. குழுவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக் காலையே நீங்கள் எல்லோரும் சேர்ந்து விலையை ஏற்றிவிடுவீர்கள், எனக்குத் தெரியாதா?

நானும் அக்காவும் 1986 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தோம். சந்தையில் ஒரு பழைய ரெக்கோட் பிளேயர் வாங்கினோம். அதோடு, எதை எடுத்தாலும் பத்துப் பென்ஸ் என்ற பெட்டியிலிருந்து எடுத்த முதல் தட்டுதான் இது. யார் பாடியது, எவர் இசை, ஒன்றும் தெரியாது. போட்டுப் பார்த்தால் ஒருத்தி தன் காதலனை நினைத்து அழுகிறாள். மற்ற இருவரும் பின்னால் நின்று, 'விடடி அவனை, விடடி' என்கிற மாதிரிப் பதில் பாடுகிறார்கள். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இந்தப் பெண் குழுக்களின் தட்டுகளைத் தேடி அலைந்தோம். நாங்கள் எப்போதும் பதில் பாடுகிற கட்சி. அக்கா மேல் குரல், நான் கீழ்க் குரல். முதற் குரலைத் தட்டில் இருக்கிறவள் பார்த்துக்கொள்வாள்.

அக்காவிடம் ஒரு பழக்கம். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துவிடுவாள். ரைஸ் குக்கருக்கு வைத்தாள், தையல் மெஷினுக்கு வைத்தாள், என் குளிர்கோட்டின் கழுத்துப் பட்டியில்கூட வைத்தாள். இசைத்தட்டுக்கும் வைத்தாள். நடுவில் இருக்கிற லேபிளில், துளைக்குச் சற்று மேலே, மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொட்டு. பெட்டி நிறைய அப்படி. தட்டுச் சேர்க்கிற உலகத்தில் லேபிளில் ஒரு பேனாக் கோடு இருந்தாலே பாதி விலை போய்விடும் என்பது எங்களுக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

பிறகு ஒருநாள் ஒரு மண்டபத்தில் நடந்த தட்டுச் சந்தைக்கு அந்த முதல் தட்டைக் கொண்டுபோனோம். ஒரு ஆள் கையில் வாங்கியதும் வெளிச்சத்துக்கு ஓடினான். அது கடைக்கு வருவதற்கு முன்பே கம்பனி மூடிவிட்டதாம், வெளியே போனது விரல் விட்டு எண்ணக்கூடிய பிரதிகளாம். 'கேள்விப்பட்டிருக்கிறேன், கண்டதில்லை' என்றான். பொட்டைக் கண்டதும் அவன் முகம் செத்துப்போனது. அப்படியும் விலை கேட்டான். அக்கா தட்டைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அக்காவுக்குக் கல்யாணமாகி, அத்தானுடைய சகோதரர்கள் டொரொண்டோவில் இருந்ததால் அங்கே போக ஏற்பாடாகியது. ஞாயிறு மத்தியானம் விமானம். வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா சேலைகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"சுபா, பெட்டியை எடடி. கடைசியா ஒருக்காப் பாடிப்போட்டு உன்னட்டையே தந்திட்டுப் போறன்."

அத்தான் சூட்கேஸைப் பூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எந்தப் பெட்டி?"

"கதிரைக்குப் பின்னால இருந்த பெட்டி."

"அந்தப் பழைய பிளேட்டுப் பெட்டியே?" அவருடைய குரல் உள்ளே போய்விட்டது. "அதைப் போன கிழமை கார் பூட் சேலில குடுத்திட்டன். எல்லாத்திலயும் கறை எண்டு நினைச்சன், சுபா. இருபது பவுண் தந்தான்."

அக்கா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடித்த சேலையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்கிற அந்தச் சந்தையில் வாங்கினவன், காம்டனில் கடை போடுகிறவன் என்று அத்தான் ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். அதைப் பறித்துக் கைப்பையில் போட்டேன். சனிக்கிழமை ஒரு நாள் இருக்கிறது. அதற்குள் அந்தத் தட்டு வீட்டுக்கு வரவேண்டும், வந்து அக்காவோடு ஒரு தரமாவது பாடவேண்டும். வேறு யோசனையே இல்லை.

காலை எட்டுப் பத்து ரயில். செவன் கிங்ஸிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். நாள் முழுவதும் ரயில், பஸ் இரண்டிலும் செல்லுபடியாகும் ட்ரவல்கார்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாலு பவுண்டுக்கு உட்பட்டது. தட்டுத் தேடுகிறவனுக்கு எந்த நிமிடம் எந்தத் திசையில் போகவேண்டி வரும் என்று தெரியாது. அத்தானும் கூட வந்தார். வரவேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

"நான் குடுத்த சாமான், நான்தான் வாங்கித் தரோணும். நீர் பேசாமல் வாரும்."

"நீங்கள் வாறதெண்டால் ஒரு கண்டிஷன். கடையில வாய் திறக்கக் கூடாது."

"ஓம், ஓம். நான் என்ன சின்னப் பிள்ளையே?"

இந்த இடத்தில் முதல் அறிவுரை. தேடுகிற தட்டின் பெயரைக் கடைக்காரனிடம் சொல்லவே கூடாது. பெட்டியைப் பொறுமையாகப் புரட்டவேண்டும். வேண்டிய தட்டு அகப்பட்டால் முகத்தில் ஒன்றும் காட்டாமல், அதோடு வேண்டாத இரண்டு தட்டைச் சேர்த்து, சலித்துப்போனவர் மாதிரி நீட்டவேண்டும். ஆசை தெரிந்தால் விலை ஏறும். எல்லாச் சேகரிப்பாளர்களுக்கும் இது அரிச்சுவடி. அத்தானுக்கும் ரயிலில் இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தேன்.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து சுரங்க ரயிலில் ஒரு ஸ்டேஷன் போய் பாங்கில் மாறி, நோர்தேர்ன் லைனில் காம்டன் டவுன். பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், பிறகு ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. கால்வாய்க்குப் பக்கத்தில் அந்த ஆள் அப்போதுதான் மேசை விரித்துக்கொண்டிருந்தான். குதிரைவால் முடி, கையில் தேத்தண்ணி. அத்தானைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

'அந்தச் சிவப்புப் புள்ளி வைத்தவர் யார்?' என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. பெட்டி முழுவதையும் வீட்டில் போட்டுக் கேட்டானாம், ஒரு குப்பைத் தட்டுக்கூட இல்லையாம். யாரோ பெரிய டி.ஜே. நல்லதற்கு மட்டும் அடையாளம் வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டியிருந்தான். அத்தானுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. 'என் மனைவி' என்றார். வாய் திறக்கக் கூடாது என்ற கண்டிஷன் அதோடு போயிற்று.

இவ்வளவு புகழ்ந்தவனிடம் ஒரு தட்டும் மிச்சமில்லை. முழுப் பெட்டியையும் நொட்டிங் ஹில்லில் ஒரு கடைக்காரனுக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறு ஏதோ வாங்கிவிட்டானாம். போய்த் தொலையட்டும் என்று மறுபடியும் சுரங்கத்துக்குள் இறங்கினோம். டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் மாறி, சென்ட்ரல் லைனில் நொட்டிங் ஹில் கேட். அன்று ரயில் சுரங்கத்துக்குள்ளே நின்று நின்று போனது. அத்தான் சூட்கேஸ் நிறையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தார். எனக்கு எழுந்து வண்டியைத் தள்ளலாம் போல இருந்தது.

போர்ட்டபெல்லோ ரோட் சந்தைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் அந்தக் கடை. உள்ளே இருட்டு, தூசி, ஈரப்பலகை மணம். கடைக்காரன் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு ஒரு தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் ஒன்றும் தெரியாதவள் போலப் பெட்டிகளைப் புரட்ட ஆரம்பித்தேன். மூன்றாவது பெட்டியில் அக்காவின் பொட்டு. இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. மொத்தம் ஏழு. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு ஏழையும் மெல்ல ஒதுக்கினேன்.

"சுபா! இஞ்சை பாரும், இவளின்ர பொட்டு!" அத்தான் கடை அதிரக் கத்தினார். போதாததற்கு ஆங்கிலத்திலும் கடைக்காரனிடம், 'இதைத்தான் காலையிலிருந்து தேடுகிறோம்' என்றார்.

கடைக்காரன் எழுந்து வந்து ஏழு தட்டையும் என் கையிலிருந்து வாங்கினான். விலைச் சீட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்தான். புதிதாக எழுதி ஒட்டினான். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

ஏழையும் வாங்கினேன், என்ன செய்வது? ஆனால் எங்கள் முதல் தட்டு அதில் இல்லை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது, நேராகவே கேட்டேன். 'ஓ, அதுவா. விலைப் புத்தகத்தில் இல்லாத தட்டு, லேபிளின் நடுவில் வேறு அழுக்கு. ஐம்பது பென்ஸ் பெட்டியில் போட்டேன். சவுத்தாலில் ஜூக்பொக்ஸ் வைத்திருக்கிற கஃபேக்காரன் மாதாமாதம் வந்து அள்ளிக்கொண்டு போவான். அவன் எடுத்துவிட்டான்' என்றான்.

அழுக்காம்! எனக்கு வந்த கோபத்தில் கடையைக் கொளுத்தியிருப்பேன். உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய தட்டு ஐம்பது பென்ஸ் பெட்டியில். ஆனால் கோபத்தைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. அது 'ஜூக்பொக்ஸ்' என்ற சொல்லால் வந்தது. தட்டுச் சேர்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஜூக்பொக்ஸ் என்பது காசு போட்டால் கேட்ட தட்டை எடுத்துப் பாடவைக்கிற பெட்டி. அந்தக் காலத்து இங்கிலாந்துத் தட்டுகளின் நடுப்பகுதி நாலு சிறு காம்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுப் பிளேயருக்கு அந்த நடு வேண்டும். ஜூக்பொக்ஸின் தண்டு தடித்தது, அதற்குப் பெரிய துளை வேண்டும். ஆகவே கஃபேக்காரர்கள் செய்கிற முதல் வேலை, பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தி நடுவை உடைத்து எறிவதுதான். எங்கள் பொட்டு இருந்தது அந்த நடுவில்.

"தட்டு கிடைச்சால் போதாதே?" என்றார் அத்தான், விளக்கிச் சொன்ன பிறகு.

"போதாது."

ஈலிங் ப்ரோட்வே வரை சென்ட்ரல் லைன். அங்கிருந்து 207 பஸ். சனிக்கிழமை மத்தியானம் சவுத்தால் ப்ரோட்வேயில் பஸ் நகராது, இது இன்றைக்கும் பொருந்தும். இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கி நடந்துவிடுங்கள். நாங்களும் நடந்தோம். சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் மாம்பழப் பெட்டிகளும் நடைபாதையை அடைத்திருந்தன. அத்தான் ஜிலேபிச் சட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். ஹீத்ரோவுக்கு இறங்குகிற விமானம் ஒன்று தூரத்தில் தாழ்ந்து போனது. நாளைக்கு இதே நேரம் இவர்கள் மேலே இருப்பார்கள் என்று நினைத்ததும் அத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பாவம், ஜிலேபி பாதி வாயில் இருந்தது.

நொட்டிங் ஹில்காரன் சொன்னபடியே கஃபே பஸ் தரிப்புக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முட்டை, பொரித்த உருளைக்கிழங்கு, எண்ணெய்ப் புகை. மூலையில் ஜூக்பொக்ஸ். அதைச் சுற்றிச் சீருடையோடு பஸ் சாரதிகள். கண்ணாடிக்குள் இருந்த பெயர்ச் சீட்டுகளை விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டு போனேன். இருந்தது! பென்சிலால் பிழையான எழுத்துக்கூட்டலோடு எங்கள் பாட்டின் பெயர். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினேன். உள்ளே ஒரு கை தட்டைத் தூக்கி நிறுத்தியது. நடுவில் பெரிய ஓட்டை. பாட்டில் அந்தப் பெண் அழத் தொடங்கினாள். பதில் பாடுகிற இருவரும் வந்தபோது என் வாய் தன்பாட்டில் கீழ்க் குரலைப் பாடியது. மேல் குரலுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. கண் நிறைந்துவிட்டது, சாரதிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதானே நீங்கள் ரெண்டு பேரும் குசினியில பாடுறது?" என்றார். "ஐயோ, நான் என்ன வேலை பார்த்துப்போட்டன்."

"தமிழே?" என்றது கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். முதலாளி. ஐம்பது வயதிருக்கும், ஏப்ரன் கட்டியிருந்தார். ஊர் பருத்தித்துறை, ஒரு ஆங்கிலேயனிடமிருந்து கஃபேயை வாங்கும்போது ஜூக்பொக்ஸும் சேர்ந்து வந்ததாம். வந்த விஷயத்தைச் சொன்னோம். தலையை ஆட்டினார்.

"தர ஏலாது, தங்கச்சி. இந்தப் பாட்டை எடுத்தால் பஸ்காரர் என்னோட சண்டைக்கு வருவினம். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போடுகினம்."

நொட்டிங் ஹில்லில் வாங்கிய ஏழு தட்டையும் மேசையில் வைத்தேன். "ஒண்டுக்கு ஏழு தாறன். எல்லாம் இதே மாதிரிப் பாட்டு." சொல்லும்போது கை விரல்கள் அவற்றை விடவில்லை. காலையிலிருந்து மீட்டது அந்த ஏழுதான்.

அவர் யோசித்தார். அத்தான் கல்லாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "அண்ணை, நாளைக்கு நான் மனிசிக்குப் பக்கத்தில எட்டு மணித்தியாலம் பிளேனில இருக்கோணும். அவ நேற்றிலயிருந்து கதைக்கேல்லை. இது இல்லாமல் போனால் நான் நடுக்கடலில குதிக்கிறதுதான் வழி."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். ஏழு தட்டையும் தன் பக்கம் எடுத்து வைத்துவிட்டு, சாவியால் ஜூக்பொக்ஸைத் திறந்து தட்டை எடுத்துக் கையில் தந்தார். நடு எங்கே என்று கேட்டேன். ஒரு பிஸ்கட் பேணியைக் கவிழ்த்தார், எறிய மனமில்லாமல் சேர்த்து வைத்த நடுக்கள் மேசை முழுவதும் பரவின. நீலம், கறுப்பு, சிவப்பு. நானும் அத்தானும் ஒவ்வொன்றாகப் பிரட்டினோம். பொட்டு வைத்தது ஒன்றுமில்லை. இன்னொரு தரம் பிரட்டினோம்.

"என்ன நடு தேடுறியள்? எல்லாம் ஒண்டுதானே."

"இதில சந்தனப் பொட்டு வைச்சிருந்தது, அண்ணை."

"அட, பொட்டு வைச்சதே? அதை முதலே சொல்லியிருக்கலாமே!" கல்லாவுக்கு மேலே கையை நீட்டினார். அங்கே ஒரு சின்னப் பலகையில் பிள்ளையார், ஊதுபத்திச் சாம்பல், ஒரு செவ்வரத்தம்பூ. பிள்ளையாரின் காலடியில் எங்கள் நடு. "உடைச்ச பிறகுதான் கண்டன். ஆரோ எங்கட ஆக்கள் வைச்ச பொட்டு எண்டு தெரிஞ்சுது. பொட்டு வைச்ச சாமானை எப்பிடிப் பேணிக்குள்ள எறியிறது?"

ஒருவன் அடையாளம் என்றான், ஒருவன் அழுக்கு என்றான். தட்டு கைமாறிய கடைக்காரர்களில் அதைப் பொட்டு என்று கண்டுகொண்ட முதல் ஆள் இவர்தான். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்கு ஊற்றித் தந்த தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆறு மணிக்குப் பிறகு வீட்டுக்கு வந்தோம். அத்தான் தட்டையும் நடுவையும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அக்காவுக்கு முன்னால் நின்றார். அக்கா ஓட்டையைப் பார்த்தாள், நடுவைப் பார்த்தாள், பொட்டை விரலால் தொட்டாள். பிறகு குசினிக்குள் போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்துவந்தாள். தட்டுக்கு மறுபடியும் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எட்டி அத்தானின் நெற்றியில் வைத்தாள்.

"இவரும் இண்டைக்குத்தானே வீட்டுக்கு வந்தவர்" என்றாள்.

நடுவை அதன் இடத்தில் பொருத்திப் பிளேயரில் வைத்தோம். கொஞ்சம் ஆட்டம் கண்டது, பாட்டு இடைக்கிடை மயங்கியது. ஆனாலும் பாடியது. அக்கா மேலே, நான் கீழே. எத்தனை தரம் போட்டோம் என்று எண்ணவில்லை. கீழ்வீட்டுக்காரன் கூரையில் தட்டும்வரை பாடினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஹீத்ரோவில், உள்ளே போகிற வாசலில், அக்கா கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் நடு.

"இது என்னட்ட இருக்கட்டும். பாட்டு உன்னட்ட இருக்கட்டும். அப்பத்தானடி நீ வருவாய்."

எனக்கு அவளை அடிக்கவேண்டும் போல இருந்தது, கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போல இருந்தது. இரண்டாவதைத்தான் செய்தேன்.

இனி நீங்கள் கேட்ட பயனுள்ள குறிப்புகள். வசதியான சப்பாத்துப் போடுங்கள். தட்டுகளைப் படுக்கவைத்துக் கொண்டு வராதீர்கள், நிறுத்தி வையுங்கள். லேபிள் கெட்ட தட்டை ஒதுக்காதீர்கள், நல்ல பாட்டு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். கூட வருகிறவரை வாசலில் நிறுத்துங்கள். நடு இல்லாத தட்டு அகப்பட்டால் கவலை வேண்டாம், சின்னப் பிளாஸ்டிக் நடு எல்லாத் தட்டுக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். என்னிடம் ஒரு போத்தல் நிறைய இருக்கிறது.

எங்கள் தட்டுக்கு மட்டும் நான் அதைப் போடுவதில்லை. அந்தப் பாட்டைக் கேட்கப் போகிற வழி இதுதான்: செவன் கிங்ஸிலிருந்து ஹீத்ரோ, ஹீத்ரோவிலிருந்து டொரொண்டோ எட்டு மணித்தியாலம், தட்டு கைப்பைக்குள். வாசலில் அத்தான் நிற்பார். போனதும் அக்கா முதலில் என் நெற்றியில் ஒரு பொட்டு வைப்பாள், பிறகுதான் நடுவை எடுப்பாள்.